ஜப்பான் ஆர்டர் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பின்னலாடைக்காரன்:

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50% ஆக்கியதிலிருந்து, திருப்பூரில் யாரைப் பார்த்தாலும் "ஜப்பான் பக்கம் போகலாமா?" என்றுதான் பேச்சு. மத்திய அரசும் ஜவுளிக்கு 40 நாடுகளில் சந்தை பிடிக்கப் போவதாகச் சொன்னது. அதில் ஜப்பானும் உண்டு. சரி, நல்லதுதான். ஆனால் அந்தக் கதவு இப்போதா திறந்தது? இந்தியா–ஜப்பான் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1-லேயே அமலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து நம் உடுப்புக்கு அங்கே வரி பூஜ்யம். பதினாலு வருடமாகியும் அவர்கள் வாங்கும் உடுப்பில் நம் பங்கு சொற்பம்தான். ஏன் என்பதற்கு என்னிடம் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை, ஒரு ராத்திரிக் கதை இருக்கிறது.

2012-இல் நான் மெர்ச்சண்டைசர், அதாவது பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிற ஆள். ஒரு ஜப்பான் ஆர்டர் வந்தது. குழந்தைகள் டி-சர்ட், 3,000 பீஸ். அதில் நாலு கலர், ஐந்து சைஸ். முதலாளி சிரித்தார், அமெரிக்க பையர் ஒரே ஸ்டைலுக்கு அறுபதாயிரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சாம்பிள் ஏழு முறை போய் வந்தது. ஏழாவது முறை வந்த போட்டோவில், கழுத்துப் பட்டியின் உள்பக்கத் தையலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 2 மி.மீ. விலகியிருக்கிறதாம். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். அப்போது எனக்கும் அதே கேள்விதான்.

ஷிப்மெண்டுக்கு முந்தின நாள் அவர்கள் ஆள் ஒருவர் வந்தார். நமக்குப் பழக்கம் ஏக்யூஎல் 2.5 என்ற சோதனை முறை. கொஞ்சம் பீஸ் எடுத்துப் பார்த்து, இத்தனை பழுது வரை பரவாயில்லை என்று கணக்குப் போட்டு, கையெழுத்து. இவர் எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு பீஸாக எடுத்து, உள்வெளி திருப்பி, ஒரு வார்த்தை பேசாமல் சிலதை இடது பக்கம் அடுக்கினார். சாயங்காலம் எண்ணினால் இடது பக்கம் 412. ஓட்டை, கறை எதுவும் இல்லை, அத்தனையும் பிசிறு. அன்று ராத்திரி கணக்குப்பிள்ளை உட்பட எல்லோரும் கத்தரியோடு உட்கார்ந்து நூல் வெட்டினோம்.

நீங்கள் சொல்லுங்கள்.

செக்கிங் அக்கா:

தம்பி, பிசிறோடு விட்டார்களே, சந்தோஷப்படுங்க. நான் ஊசிக் கதை சொல்கிறேன்.

எங்கள் யூனிட்டில் ஜப்பான் லைனுக்கென்று தனி நோட்டு. ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்கணும். துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேருகிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு நாள் மதியம் ஓவர்லாக் ஊசியின் நுனி மட்டும் காணோம். காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தடவினோம். அங்கே தைத்துக்கொண்டிருந்த துணிக்கட்டை, அதான் பண்டிலை, உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டரில் விட்டோம், கத்தவில்லை. அந்த டிடெக்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று, 1.2 மி.மீ. இரும்புக் குண்டு பதித்த அட்டையை மணிக்கொருமுறை விட்டுப் பார்ப்போம். அதற்குக் கத்தியது. அப்படியென்றால் நுனி துணியில் இல்லை. எங்கே? இரண்டு மணி நேரம் லைன் நின்றது. பீஸ் ரேட்டுக்காரர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கடைசியில் கைமடிக்கும் பொண்ணின் துப்பட்டாவில் தொத்திக்கொண்டிருந்தது.

கிடைக்காமல் போயிருந்தால் அந்த பண்டில் முழுக்கக் குப்பைதான். ஜப்பானில் 1995-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டால் இறக்குமதி செய்தவரும் நஷ்டஈடு தரணும். அதனால்தான் பையர் நம் ஊசியை எண்ணுகிறார்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உடுப்பில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் 16 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. துணியில் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் பிளைவுட்டிலிருந்தே ஏறிவிடும். அதனால் அயர்ன் பண்ணின கையோடு பாலிபேக்கில் போட்டு மூடிவிடுவோம்.

அவிநாசி ரோடு:

கதையெல்லாம் சரிங்க, கணக்கைப் பாருங்க. பூஜ்ய வரி நமக்கு மட்டுமா? வங்கதேசமும் வியட்நாமும் வரியில்லாமல்தான் உள்ளே போகின்றன. சீனாவை மட்டும்தான் வரியில் முந்தினோம். 2022 ஜனவரியிலிருந்து, சீனாவும் ஜப்பானும் சேர்ந்திருக்கும் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் அந்த வித்தியாசமும் வருடா வருடம் கரைகிறது. நாம் 2019-லேயே அதன் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து வந்துவிட்டோம். எழுந்தது தப்பென்று சொல்லவில்லை, ஆனால் வரியை வைத்தே ஜப்பானைப் பிடிப்போம் என்ற திட்டம் இனிமேல் ஓடாது.

நானும் டோக்கியோ கண்காட்சிக்குப் போனேன். ஸ்டால் செலவில் ஒரு பங்கை அரசு கொடுத்தது. மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு பையர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, வியர்த்தால் சட்டென்று காயும் துணி இருக்கிறதா என்றார். பாலியெஸ்டர். என் பெட்டியில் இருந்தது மொத்தமும் காட்டன். திருப்பூர் பெட்டியில் வேறென்ன இருக்கும்? அரசு ஸ்டாலுக்குக் கொடுக்கிற காசை செயற்கை இழை நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் இன்னும் கொஞ்சம் திருப்பினால் தேவலை என்று அன்றே தோன்றியது. டெஸ்டிங் தரத்துக்கு மத்திய அரசின் ஜவுளிக் குழுவும் ஜப்பானின் நிஸ்ஸென்கென் தரச் சோதனை மையமும் ஒப்பந்தம் போட்டன. அது உருப்படியான வேலை.

நிஷிகசாய்:

நான் இந்தத் தொழிலில் இல்லை, டோக்கியோவில் ஐடி. ஊர் திருப்பூர் பக்கம் பல்லடம் என்பதால் கடைக்குப் போனால் லேபிளைத் திருப்பிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. சீனா, வியட்நாம், வங்கதேசம், கம்போடியா என்றே வரும். இந்தியா என்று பார்த்தபோதெல்லாம் பெரும்பாலும் பெண்களுக்கான கோடைக்காலக் காட்டன் கவுன், அச்சு வேலைப்பாடோடு. பனியன் துணியில் பார்த்ததாக ஞாபகமே இல்லை. ஒரு தடவை மனைவி "துணி வாங்க வந்தீர்களா, ஆடிட் பண்ண வந்தீர்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பின்னலாடைக்காரன்:

அவிநாசி ரோடு அண்ணா, பாலியெஸ்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் அந்த 3,000 பீஸ் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசன் 4,500 வந்தது, அதற்கடுத்து 7,000. எட்டு வருடத்தில் ஒரு முறைகூட "அவன் பத்து சென்ட் குறைத்துத் தருகிறான்" என்று மெயில் வரவில்லை. ஒரு தடவை நான்தான், சரக்கு இந்தியாவில் தயாரானது என்று காட்டி வரி விலக்கு வாங்கும் ஒரிஜின் சர்டிஃபிகேட்டில், எச்எஸ் கோடை (சரக்கின் சுங்க வகை எண்ணை) தப்பாக அடித்துவிட்டேன். பையர் அங்கே வரி கட்டி எடுத்தார். அந்தத் தொகையை எங்களிடம் கழித்தார், ஆர்டரை நிறுத்தவில்லை. சின்ன யூனிட் அந்த முதல் இரண்டு சீசனை எப்படித் தாங்கும் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

செக்கிங் அக்கா, அந்த ஊசி நோட்டில் ஒரு பக்கத்தை போட்டோ எடுத்துப் போட முடியுமா? எங்கள் நோட்டில் துண்டு ஒட்ட இடமே இல்லை.