காந்தத்துக்குத் தெரியாத செல்: பிரஷர் செல் கடைந்தவர்கள் அனுபவம் சொல்லுங்க

காசிமேட்டான்:
ஸ்க்விட் மேக்னட்டோமீட்டருக்குள்ள (ரொம்ப நுண்ணிய காந்தத்தன்மையைக்கூட அளக்குற கருவி) இறக்குற பிரஷர் செல்லை, அதாவது சாம்பிளை அழுத்தத்துல பிடிச்சு வைக்கிற, தானா காந்தம் காட்டக் கூடாத குட்டி உருளையை, நம்ம வடசென்னையிலயே கடைஞ்சு எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? என் கதையை முதல்ல சொல்லிடறேன்.

கருவியோட சாம்பிள் குழாய் உள்விட்டம் வெறும் 9 மி.மீ. அதனால செல்லோட வெளிவிட்டம் 8.5, நடுத் துளை 2.6 மி.மீ. அதுக்குள்ள டெஃப்லான் குப்பி, எண்ணெய், சில மில்லிகிராம் சாம்பிள், பொடித் துண்டு ஈயம். ரெண்டு பக்கமும் பிஸ்டன், பூட்டுத் திருகு. வியாசர்பாடியில ஒரு பட்டறையில வரைபடத்தை நீட்டினேன். மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இன்னா தம்பி, பேனாவா?"ன்னார். 1 ஜிகாபாஸ்கல், அதாவது பத்தாயிரம் பார் தாங்கணும்னு சொன்னதும் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சுட்டார்.

"எஸ்.எஸ். 304-ல பண்ணிடலாமே, அது காந்தத்துல ஒட்டாதே?"ன்னு கேட்டார். கேட்டவரே டிராயர்லேர்ந்து காந்தத்தை எடுத்து, தரையில கிடந்த 304 சுருள்ல வெச்சுப் பார்த்தார். கம்பியில ஒட்டாத காந்தம் சுருள்ல ஒட்டிக்கிச்சு! வெட்டு விழுந்து நசுங்குற இடத்துல, காந்தத்துல ஒட்டாத ஆஸ்டெனைட் அமைப்பு ஒட்டுற மார்ட்டென்சைட்டா மாறிடுது, அதுதான் காரணம். புத்தகத்துல படிச்சதை அங்கதான் கண்ணால பார்த்தேன். கடைசியா பெரிலியம் காப்பர்தான்னு முடிவாச்சு.

என் கேள்வி இது. துளையைச் சின்னதாக்காம, சுவரை மட்டும் இன்னும் தடிமனாக்கினா கூடுதல் அழுத்தம் தாங்குமா? பார்க்கிறவங்க எல்லாம் அதையேதான் சொல்றாங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
பாதிதான் உண்மை. லாமே கணக்கை (தடிச்ச சுவர் உருளைக்குள்ள தகைவு எப்படிப் பரவுதுன்னு சொல்றது) போட்டுப் பாருங்க. தகைவு எல்லாம் துளையோட ஓரத்துலதான் குவியும், வெளிச் சுவர் சும்மா நிக்கும். உங்க விட்ட விகிதம் சுமார் 3.3. பதப்படுத்தின பெரிலியம் காப்பரோட யீல்டை (உலோகம் நிரந்தரமா இளக ஆரம்பிக்கிற தகைவை) 1.2 ஜிகாபாஸ்கல்னு வெச்சுக்கிட்டா, துளை ஓரம் 0.54 ஜிகாபாஸ்கல் அழுத்தத்துலயே இளக ஆரம்பிச்சுடும். சுவர் எத்தனை தடியா இருந்தாலும் அந்த எண் 0.6-ஐத் தாண்டாது. ஆனா சுவர் முழுசா இளகணும்னா 1.4 வரைக்கும் போகணும். இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுலதான் நம்ம பொழப்பு.

அதனால வேலை அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா முதல்லயே ஏத்தி, துளை ஓரத்தை வேணும்னே லேசா விரியவிட்டு, இறக்கி, அப்புறம் ஹோன் போட்டு (துளையை உள்ளே தேய்ச்சு) அளவுக்குக் கொண்டுவருவோம். வெளிச் சுவர் உள்ளோரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். பீரங்கிக் குழாய்க்குச் செய்யுற அதே ஆட்டோஃப்ரெட்டேஜ்தான். அழுத்தம் ஏத்தும்போது பிஸ்டனுக்கு நேர் எதிரே மட்டும் நிக்காதீங்க.

கொடுங்கையூர் லேத்:
தம்பி, நான் கடைஞ்சிருக்கேன். ரெண்டு மூணு விசயம் சொல்றேன்.

ராடு வாங்கும்போது உஷார். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில பெரிலியம் காப்பர்னு குடுத்தான், சர்டிஃபிகேட்டும் இருந்துச்சு. துண்டு வெட்டி 315 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் வெச்சு எடுத்து ராக்வெல் மிஷின்ல கெட்டித்தனம் பார்த்தா கெட்டியே ஆவல. அசல் சரக்கா இருந்தா சி ஸ்கேல்ல 38, 40-ன்னு நிக்கும். திருப்பிக் குடுக்கப் போனா, "வெட்டின மாலை எடுக்க மாட்டோம்"ன்றான். அதுலேர்ந்து முதல்ல ஒரு துண்டு, அப்புறம்தான் ராடு.

மெத்துனு இருக்கும்போதே கடைஞ்சுடு, ஆனா துளையில சதை விட்டு வை. சூடு பண்ணி எடுத்தா கொஞ்சம் சுருங்கும். அப்பால பித்தளைக் கம்பியில டைமண்ட் பேஸ்ட் தடவி லேப்பிங் பண்ணி அளவுக்குக் கொண்டா. ஹைஸ்பீடு டிரில் மழுங்கினதும் மாத்திடு. மழுங்கின டிரில் இரும்பைத் துளை உள்ளாற தேய்ச்சுட்டுப் பூடும், கண்ணுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. காஞ்ச கிரைண்டிங் வேணவே வேணாம். பெரிலியம் தூசி நெஞ்சுல பூந்தா வருசம் கழிச்சு நுரையீரலைக் கெடுக்கும். கூலன்ட் ஊத்திக்கினே ஓட்டு, சுருளை ஈரத்தோட அள்ளு. பசங்களை ஏர் அடிச்சு மிஷினைத் துடைக்க விடாதே.

காசிமேட்டான்:
அண்ணே, இரும்புத் தேய்ப்பு விசயம் ரொம்ப உபயோகம். காலி செல்லை முதல்ல தனியா அளந்து பார்த்துடணும் போல.

திருவொற்றியூர் நியூட்ரான்:
நான் நியூட்ரான் பக்கம், அதாவது நியூட்ரான் கற்றையைச் சாம்பிள்ல விட்டு அது எப்படிச் சிதறுதுன்னு பார்க்கிற வேலை. மும்பை ட்ராம்பேல இருக்குற துருவா ஆராய்ச்சி அணு உலையில (1985-லேர்ந்து ஓடுது, 100 மெகாவாட்) கொஞ்ச காலம் இருந்தேன். உங்க பேனா செல் எங்களுக்குப் பத்தாது. நியூட்ரான் பொருளோட அவ்வளவு லேசுல மோதாது, அதனால சாம்பிளே கிராம் கணக்குல வேணும். துளை பெருசாச்சுன்னா பிஸ்டன்ல விழுற விசை விட்டத்தோட வர்க்கத்துல ஏறும், செல்லும் குண்டாயிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி, செல்லே நியூட்ரானை முழுங்குறது. அலுமினியம் 0.23 பார்ன்தான் உறிஞ்சும் (பார்ன்ங்கறது அணு நியூட்ரானை எவ்வளவு பிடிக்கும், சிதறடிக்கும்னு சொல்ற அளவு), ஆனா 7075 ரகத்துலகூட அரை ஜிகாபாஸ்கல் பக்கம்தான் போகலாம். தாமிரம் 3.8 பார்ன். எம்.பி.35.என். அலாய் நல்ல வலு, ஆனா அதுல மூணுல ஒரு பங்கு கோபால்ட், 37 பார்ன்! கற்றையில வெச்சா கோபால்ட் 60 உருவாகும், அரையாயுள் 5.27 வருசம். அப்புறம் அந்தச் செல்லைக் கையில எடுக்கறதுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆள் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அதுக்கும் மேல அழுத்தம் வேணும்னா உள்ளே நிக்கல்-குரோமியம்-அலுமினியம், வெளியே பெரிலியம் காப்பர்னு ரெட்டைச் சுவர் போடுவாங்க.

எனக்குப் பிடிச்சது டைட்டானியம்-சிர்க்கோனியம். டைட்டானியத்தோட சிதறல் நீளம் (அணு நியூட்ரானை எவ்வளவு வலுவா, எந்தக் குறியில சிதறடிக்குதுங்கற எண்) மைனஸ், சிர்க்கோனியத்தோடது ப்ளஸ். அணு எண்ணிக்கையில கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணுன்னு கலந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும், செல்லோட படிக அமைப்பால அளவீட்டுல வர்ற பிராக் உச்சமே வராது. இப்படி ஒண்ணை யோசிச்சவன் கையில மோதிரம் போடலாம்.

எண்ணெயையும் கவனிங்க. காந்த அளவீட்டுக்கு டாஃப்னி 7373-ங்கற எண்ணெய் அருமை, எங்களுக்கு ஆகாது. ஹைட்ரஜன் ஒவ்வொண்ணும் 80 பார்ன் சிதறடிச்சுப் பின்னணியை ஏத்திடும். டியூட்டீரியம் போட்ட ஆல்கஹால், இல்லேன்னா ஹைட்ரஜன் இல்லாத ஃப்ளோரினர்ட் திரவம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
டாஃப்னி போடறவங்களுக்கு ஒண்ணு. அறை வெப்பநிலையில பிரஸ்ல ஏத்தின அழுத்தம் ஹீலியம் குளிருக்குப் போனா அப்படியே இருக்காது, 0.15 முதல் 0.2 ஜிகாபாஸ்கல் வரைக்கும் காணாமப் போகும். அதுக்குத்தான் அந்த ஈயத் துண்டு. சாதாரணமா 7.2 கெல்வின்ல மீகடத்தி ஆகும், ஒரு ஜிகாபாஸ்கலுக்கு 0.37 கெல்வின் மாதிரி இறங்கும். அந்த இறக்கத்துலேர்ந்து உள்ளே நிஜமா எவ்வளவு அழுத்தம்னு தெரிஞ்சுடும். சின்னப் புலத்துல அளங்க. காந்தச் சுருள்ல முந்தைய ஓட்டத்தோட மிச்சப் புலம் நின்னா, ஈயம் மீகடத்தி ஆகும்போது வரைபடத்துல தெரியுற படி சரிஞ்சு போய், எங்கே ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியாது.

காசிமேட்டான்:
பிஸ்டனுக்கு டங்ஸ்டன் கார்பைடு போடலாமா? மணலியில ஒருத்தர் டூல் துண்டு தர்றேன்னார்.

கொடுங்கையூர் லேத்:
அந்த டூல் துண்டு வேணாம் தம்பி, பைண்டர் (பொடியை ஒட்ட வைக்கிற உலோகம்) கோபால்ட்டா இருக்கும். உன் காந்தத்தை வெச்சுப் பாரு, ஒட்டும். சிர்க்கோனியா கம்பி கிடைச்சா வாங்கிட்டு வா, முனையை நானே தட்டையா லேப் பண்ணித் தர்றேன். செவ்வாக்கிழமை வேணாம், அன்னிக்கு இங்க கரன்ட் கட்டு.