சூர்ப்பனகையின் மூக்கு: சிலிக்கான் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது, உதவுங்கள்

ஆற்காட்டுத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஆற்காட்டுக்குப் பக்கத்தில். சித்தப்பா தெருக்கூத்துக் குழுவில் (ஜமாவில்) சூர்ப்பனகை வேஷம் கட்டுகிறார். மூக்கறுக்கும் இடத்தில், உள்ளங்கையில் குழைத்து வைத்திருக்கும் குங்குமத்தை முகத்தில் தேய்த்துக்கொள்வார். இதுவரை அவ்வளவுதான். இந்த வருடம் மூக்கு கையோடு வர வேண்டும், அடியில் காயம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. ப்ராஸ்தெடிக் மேக்கப்பை, அதாவது போலி மூக்கு, காயம் செய்து முகத்தில் ஒட்டும் வேலையை, வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன்.

முதலில் ஜெலட்டினும் கிளிசரினும் கலந்து செய்தேன். ஒத்திகையில் அரை மணி நேரத்திலேயே வியர்வை பட்டு விளிம்பு இளகி உதட்டுக்கு வழிந்துவிட்டது. அப்புறம் காசு சேர்த்து சிலிக்கான் வாங்கினேன். ஏ, பி என்று இரண்டு பாட்டில், சம அளவு. தராசில் எடை போட்டுத்தான் கலந்தேன். மாடலிங் களிமண்ணில் மூக்கைச் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அதில் சிலிக்கானை ஊற்றினேன். உள்பக்கம் நன்றாக இறுகிவிட்டது. அச்சைத் தொட்டிருந்த மேல்தோல் மட்டும் பலாப்பழப் பால் போல ஒட்டுகிறது. ஒரு நாள் முழுக்க மாடி வெயிலில் வைத்தும் மாற்றமில்லை. பவுடர் போட்டுச் சமாளிக்கலாமா? திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

இன்னொன்று. சித்தப்பா முகத்தில் வாசலின் தடவி நேரடியாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டுத்தான் முக அச்சு எடுத்தேன். சுடுகிறது என்றார். அது சரியான முறைதானா?

பல்செட் லேப்காரன், வேலூர்:
தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதை இனி செய்யவே செய்யாதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாகப் போட்டால் 60 டிகிரியைத் தாண்டித் தோல் வெந்துவிடும். இறுகிய பிறகு சட்டென்று கழற்றவும் முடியாது. பல் அளவெடுக்கும் ஆல்ஜினேட் பவுடர் டென்டல் கடைகளில் கிடைக்கும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அது சில நிமிடத்தில் இறுகிவிடும், ஆனால் ஐஸ் தண்ணீரில் கலந்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கும். இரண்டு நாசித் துவாரமும் திறந்தே இருக்கட்டும். ஒருவர் பக்கத்திலேயே நின்று மூச்சைக் கவனிக்க வேண்டும். ஆல்ஜினேட் இறுகியதும் மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் போட்டுத் தாங்கு கொடுங்கள். கழற்றியவுடன் உள்ளே பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள். தாமதித்தால் காய்ந்து சுருங்கி, மூக்கு வேறொருவர் மூக்காகிவிடும்.

இப்போது பிசுபிசுப்புக்கு வருவோம். சம அளவு என்று நீங்கள் சொன்னதிலிருந்து அது பிளாட்டினத்தின் உதவியால் இறுகும் வகை என்று நினைக்கிறேன். கந்தகம் பட்டால் அந்த பிளாட்டினம் செயலிழந்துவிடும், தொட்ட இடம் இறுகவே இறுகாது. கடையில் கிடைக்கும் எண்ணெய்க் களிமண் பலவற்றில் கந்தகம் இருக்கிறது, அது அச்சிலும் ஊறியிருக்கும். வெயிலோ நாளோ அதைச் சரிசெய்யாது. ரப்பர் கையுறையும் இதே வேலையைச் செய்யும். எங்கள் லேபில் இதே குடும்பத்து சிலிக்கான் மாவை (putty) பிசையும்போது லேடெக்ஸ் கையுறை போடவே மாட்டோம், வினைல்தான். நீங்கள் எது போட்டிருந்தீர்கள்?

பவுடர் போடுவது வேண்டாம். இறுகாத ரசாயனம் முகத்தில் படக் கூடாது.

ஆற்காட்டுத் தம்பி:
அண்ணா, வெள்ளை லேடெக்ஸ் கையுறைதான் போட்டிருந்தேன். அப்படியென்றால் களிமண், கையுறை இரண்டிலுமே தப்பு. இந்த அச்சைக் கழுவிப் பயன்படுத்த முடியாதா?

பல்செட் லேப்காரன், வேலூர்:
முடியாது, தூக்கிப் போடுங்கள். குயவரிடம் ஒரு உருண்டை மண் வாங்கி அதில் மூக்கைச் செய்யுங்கள். ஈரத்துணி போட்டு வைத்தால் வெடிக்காது. ஆனால் முழு மூக்குக்குச் சிலிக்கானை வீணாக்குவதற்கு முன், பழைய களிமண் மேல் ஒரு சொட்டு, புது மண்ணிலிருந்து எடுத்து நன்றாகக் காயவைத்த அச்சில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

மேக்கப் உதவியாளர், சொந்த ஊர் குடியாத்தம்:
லேப் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எனக்கு வேறு யோசனை. சினிமாவில் கேமரா கன்னத்துக்குப் பக்கத்தில் வரும், அதனால் சிலிக்கான் தேவை. கூத்தில் முதல் வரிசையே பத்தடி தள்ளித்தான் உட்காரும். அதற்கு ரப்பர் பாலே (திரவ லேடெக்ஸ்) போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு.

பிளாஸ்டர் அச்சு ரப்பர் பாலுக்குத்தான் பொருத்தம். வாசலின், வார்னிஷ் எதுவும் பூசாமல் பாலை ஊற்றுங்கள், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி ஓரத்தில் ஒரு தோல் கட்டும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை வடித்துவிட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். உரிப்பதற்கு முன் உள்ளே பவுடர் தூவுங்கள். மறந்தால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. விளிம்பு பூண்டுத்தோல் மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிப் பசை எளிதாகக் கிடைக்கும். 'அதுவும் ரப்பர்தானே' என்று யாராவது கொண்டுவந்தால் கிட்டே சேர்க்காதீர்கள். அதில் கரைப்பான் இருக்கிறது, தோல் புண்ணாகும். மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் போதும். ரப்பர் பாலையும் முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். சிலருக்கு அலர்ஜி உண்டு. சித்தப்பாவுக்கு அரிப்போ தடிப்போ வந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பெண் வேஷக்காரர், செய்யாறு:
நான் கட்டியாடுகிறவன், ஒட்டுகிற வேலை தெரியாது. ஆனால் அரிதாரத்தை நாங்கள் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவோம். எண்ணெய் பட்ட முகத்தில் மீசையே நிற்காது, மூக்கு எப்படி நிற்கும்? முகத்தைத் துடைத்துவிட்டு மூக்கை முதலில் ஒட்டுங்கள், அரிதாரம் பிறகு.

மூக்கை அடைத்துவிடாதீர்கள் தம்பி. விடிய விடியப் பாடுகிற குரல் அது. நாசித் துவாரத்தைப் பெரிதாகவே விடுங்கள். ராட்சசிதானே, பொருந்தும்.

மேக்கப் உதவியாளர், சொந்த ஊர் குடியாத்தம்:
ஐயா சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. தேங்காய் எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ரப்பர் மேல் பூச விளக்கெண்ணெயில் குழையுங்கள். ரப்பருக்கென்று விற்கிற சினிமாச் சாயமும் விளக்கெண்ணெயில் செய்ததுதான்.

மூக்கு கையோடு வர, மேலே தண்டில் ஒரு பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு, அவ்வளவு பசை போதும். அடியில் நிஜ மூக்கு நுனிக்குக் கருப்பு, சுற்றிலும் சிவப்பு. ராத்திரி வெளிச்சத்தில் கருப்பு பள்ளமாகத் தெரியும், மூக்கு இல்லாதது போலவே இருக்கும்.

ஆற்காட்டுத் தம்பி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு சொட்டும் வைத்துப் பார்த்தேன். பழைய களிமண் மேல் பிசின், புது அச்சில் சுத்தமாக இறுகியது. சிலிக்கான் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, ஆல்ஜினேட்டில் முக அச்சு எடுத்து ரப்பர் மூக்கு செய்தேன். சித்தப்பாவுக்கு அரிப்பு எதுவும் வரவில்லை. நேற்று ஒத்திகையில் லட்சுமணன் கத்தி வீச, சித்தப்பா கையில் மூக்கோடு திரும்பினார். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்தே நின்றுவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. உச்சத்தில் பாடும்போது மேல் உதட்டுப் பக்க விளிம்பு எழும்புகிறது. அங்கும் பசை வைக்கலாமா?

மேக்கப் உதவியாளர், சொந்த ஊர் குடியாத்தம்:
வேண்டாம், பிய்க்கும்போது வலிக்கும். அங்கே விளிம்பு உதட்டின் மேல் ஏறியிருக்கிறது. கத்தரிக்கோலால் நகத்தளவு வளைத்து வெட்டிவிடுங்கள். பாடச் சொல்லிக்கொண்டே வெட்டினால் எவ்வளவு என்று தெரியும்.