நீள பெஞ்சுக்குப் பதிலாக நகரும் மேசைகள்: எதை வாங்கலாம்?

கேள்வி:
ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 36 பிள்ளைகள். எல்லாமே டெஸ்க்கோடு சேர்ந்த நீள பெஞ்சு. குழுவாக வேலை கொடுத்தால் முன்வரிசைப் பிள்ளைகள் பின்பக்கம் திரும்பி, பெஞ்சில் முட்டி போட்டுத்தான் எழுதுகிறார்கள். பாதி பெஞ்சுகளை மாற்றித் தர நிர்வாகம் சம்மதித்துவிட்டது. சக்கர மேசை, ஆடும் ஸ்டூல், பீன் பேக் என்று விதவிதமாகப் படம் காட்டுகிறார்கள். படிப்புக்கு எதுதான் உதவும்?

பதில் 1:
படங்களை மூடி வைத்துவிட்டு முதலில் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். கொஞ்ச நேரத்தில் பிள்ளை நெளியும், ஒரு காலை மடித்து அதன்மேல் உட்காரும். நாம் அதைக் கவனக்குறைவு என்று அதட்டுவோம், பாவம். ஒரே வகுப்பிலேயே உயரம் ஒரு சாண் வரை வித்தியாசப்படும். ஆகவே நாற்காலிகளை இரண்டு மூன்று உயரங்களில் வாங்குங்கள்.

மேசையில் நான் பார்ப்பது எடையைத்தான். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சுலபமாகத் தூக்க முடிய வேண்டும். 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியிலேயே மரியா மாண்டிசோரி குழந்தைகள் தாங்களே நகர்த்தக்கூடிய லேசான மேசை நாற்காலிகளைச் செய்ய வைத்தார். சக்கரம் வேண்டுமென்றால் பூட்டு உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதும்போது மேசை நழுவும்.

அப்புறம், எப்போதும் குழுவாகவே உட்கார வைக்காதீர்கள். தனியாகக் கணக்குப் போட வரிசைதான் நல்லது. எதிரே ஒரு முகம் இருந்தால் பேச்சு வரத்தான் செய்யும். கலந்து பேச ‘ப’ வடிவம், செய்முறைக்கு நான்கு பேர் கூட்டம். வேலைக்கு ஏற்ப இடம் மாற வேண்டும், அதற்காகத்தான் நகரும் மேசையே.

பதில் 2:
ஜன்னலையும் மறக்காதீர்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 153 தொடக்கப்பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டது. பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 16 சதவீதத்துக்கு வகுப்பறையின் அமைப்பே காரணம் என்றார்கள். அதில் பாதியளவு வெளிச்சம், காற்று, வெப்பநிலை சார்ந்தது. உயரமான அலமாரியை ஜன்னலுக்கு முன்னால் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒவ்வொரு முறையும் மேசை நகர்த்தினால் பாட நேரம் போகாதா? சத்தம் வேறு.

பதில் 1:
சத்தத்துக்கு, கால்களில் ரப்பர் குமிழ் போடுங்கள். நேரத்துக்குப் பழக்கம்தான் வழி. ஒவ்வொரு அமைப்புக்கும் மேசைக்கால் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு நிற டேப் ஒட்டி, யார் எந்த மேசையைத் தூக்குவது என்று பிரித்துக் கொடுங்கள். ஆரம்பத்தில் களேபரமாக இருக்கும், பழகிவிட்டால் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆடும் ஸ்டூல் ஒன்றிரண்டு போதும். அசைந்துகொண்டே இருந்தால்தான் மனம் நிலைக்கும் பிள்ளைகள் அதைத் தேடி வருவார்கள். பீன் பேக் வாசிக்க மட்டும், எழுத ஆகாது. ஆசை தீராவிட்டால் வாசிப்பு மூலைக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள்.