சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம்: வெயிலில் ஏறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெள்ளாற்றங்கரை:
போன மே மாதம். சென்னையிலிருந்து காரில் கிளம்பி திருச்சியில் ஓர் இரவு, மறுநாள் சித்தன்னவாசல், மாலைக்குள் காரைக்குடியில் அத்தை வீடு. நான், மனைவி, 10 வயது மகன், 71 வயது அப்பா. திருச்சியில் தாமதமாக எழுந்தோம். மலையடிக்கு வரும்போது மணி பதினொன்றரை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பாவும் அத்தையும் சின்ன வயதில் அந்த மலையில் ஏறித் திரிந்தவர்கள். வழி நெடுக, ஏழடிப்பட்டக் குகையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளைப் பற்றி, "மொத்தம் பதினேழு படுக்கை. தலையணையும் சேர்த்தே செதுக்கியிருப்பாங்க, எண்ணிப் பாரு" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். உச்சிவரை ஏறியும் விட்டார். கிழக்குப் பக்கம் திரும்பி, பாறை ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற இடம் தெரியுமல்லவா? அங்கே கம்பியைப் பிடித்தவர், சூடு தாங்காமல் கையை எடுத்துவிட்டார். மேல்துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்துப் பார்த்தார். அப்புறம், "நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். நானும் மகனும் மட்டும் போனோம். படுக்கையில் வெட்டியிருக்கும் தமிழ்பிராமி எழுத்துகளை அவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மனமெல்லாம் அப்பா தனியாக உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது.

அத்தைக்கு இப்போது எழுந்து நடக்க முடியாது. கட்டிலில் இருந்தபடியே கேட்ட முதல் கேள்வி: "படுக்கைகிட்ட போனியா தம்பி?" அப்பா, "போனேன்க்கா, அப்படியே வழவழன்னு இருக்கு" என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் எடுக்கப் போகிறவன்போல எழுந்துவிட்டேன்.

கீரனூர் பேத்தி:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஏழடிப்பட்டம் போகாவிட்டால் பயணமே வீண் என்கிற மாதிரி எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அதே மலையில் பாறையைக் குடைந்த சமணக் கோவிலான அறிவர் கோவிலுக்கு அவ்வளவு ஏற்றம் கிடையாது. என் அப்பாயியை அங்கேதான் கூட்டிப்போனேன். கூரையில் அந்தத் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறம் நிறையவே மங்கிவிட்டது. அப்பாயி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, தாமரைத் தண்டைத் தோளில் போட்டிருப்பவரைக் காட்டி, "எங்க கண்மாயிலயும் இப்படித்தான் பறிப்பாங்க" என்றார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய ஓவியம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தக் கோடையோடு அப்பாயி போய்விட்டார்.

மேலமலை:
அதே பக்கத்து நார்த்தாமலை போனவர்கள் இல்லையா? வெளிநாட்டிலிருந்து ஆறு வருடம் கழித்து வந்த சித்தி மகளோடு போனோம். விஜயாலய சோழன் கட்டிய கோவில், வட்டமான கருவறை, எதிரே பாறையைக் குடைந்த குடைவரையில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள். வழியெல்லாம் பேசாமல் வந்தவள் அந்தக் குடைவரைக்குள் நுழைந்ததும் செருப்பில்லாத காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. "இங்கதான் அப்பா எனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். பன்னிரண்டையும் தொடாமல், விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். நாங்கள் யாரும் வாயே திறக்கவில்லை.

கோட்டைவாசல்:
மேலமலை, ஒரு திருத்தம். கோவிலின் பெயர் விஜயாலய சோழீசுவரம், சரி. ஆனால் அங்கேயே இருக்கிற கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற முத்தரையர் கட்டியது, மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்கிறது. பெயரை வைத்துச் சோழன் கணக்கில் எழுதிவிடுகிறோம். எங்கள் பக்கத்துச் சிற்றரசர்களுக்கு மிஞ்சியிருப்பதே சில கல்வெட்டுகள்தான், அதையாவது சரியாகச் சொல்வோம்.

என் அனுபவம் சின்னது. திருமயம் கோட்டை, உச்சியில் பீரங்கி இருக்கும் மேடை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பற்றி மாமனார் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள், "அவருக்கும் இப்படித்தான் தாகம் எடுத்திருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். எங்கள் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தையை வாட்டிவிட்டேனே என்று இருந்தது.

அதனால் மே மாதம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முந்தின இரவே புதுக்கோட்டையில் தங்கிவிடுங்கள், சித்தன்னவாசல் அங்கிருந்து 16 கிலோமீட்டர்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காரில் வைக்காமல் கையில் இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பருத்தித் துண்டு, அதை நனைத்துக் கழுத்தில் போடுங்கள். ஒரே நாளில் மூன்று மலை வேண்டாம். காலையில் ஒன்று, மத்தியானம் உறவுக்காரர் வீட்டுச் சாப்பாடும் தூக்கமும், வெயில் தாழ்ந்தபின் திருமயம். அங்கே கோட்டையடியில் அடுத்தடுத்து இருக்கும் பெருமாள், சிவன் குடைவரைகள் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை, நாம் அவசரப்படுவதால் ஒன்றும் கூடப்போவதில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் ஆசை இருந்தால் சுனையில் இறக்காதீர்கள், பாசி வழுக்கும்.

வெள்ளாற்றங்கரை:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாயி சொன்னதை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். தை மாதம் போகலாமா என்று அவராகவே கேட்டிருக்கிறார். இந்த முறை முந்தின நாளே புதுக்கோட்டை. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்தப் பாறை ஓரத்தில் கைப்பிடிக் கம்பி படுக்கைவரை விடாமல் வருகிறதா? மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனதில் நான் கவனிக்கவில்லை.