பலெர்மோவில் காழி இருந்தார், ஜும்ஆ இருந்ததா?

தராசு:
"நார்மன் கிறிஸ்தவ அரசர்களின் ஆட்சியில் சிசிலி முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முழுமையாக நடைமுறையில் இருந்தது, தலைநகர் பலெர்மோவில் காழி (இஸ்லாமிய நீதிபதி) இருந்தார் என்று இப்னு ஜுபைரே எழுதியிருக்கிறார்" என்று வழிப்போக்கன் நேற்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. 1184 டிசம்பரில் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து கரையேறிய அந்த முஸ்லிம் பயணி, காழியைப் பற்றிச் சொல்லும் அதே இடத்தில், குத்பா (தொழுகையோடு நிகழ்த்தும் உரை) தடை செய்யப்பட்டிருந்ததால் பலெர்மோ முஸ்லிம்களுக்கு ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) இல்லை என்றும் சொல்கிறார். ஒரு வரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரியை விட்டுவிடுவதற்குப் பெயர் வாசிப்பா? ஜும்ஆ இல்லாத ஷரீஅத்துக்கு "முழுமையாக" என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

வழிப்போக்கன்:
நான் எழுதியது சட்டத்தைப் பற்றி, வணக்கத்தைப் பற்றி அல்ல. காழி இருந்தார். பாகப்பிரிவினை, திருமணம், கடன் என்று வழக்கு எதுவானாலும் முஸ்லிம்கள் அவரிடம்தான் போனார்கள். தாங்கள் சொல்லாமல் விட்ட வரி ஒன்றும் உண்டு: பெருநாள் தொழுகையின் குத்பாவில் பக்தாதின் அப்பாஸிய கலீஃபாவுக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். கிறிஸ்தவ அரசனின் தலைநகரில் வேறொரு ஆட்சியாளரின் பெயர் ஒலித்தது. அதை அனுமதித்தவரைக் கொடுங்கோலர் என்பீர்களா?

அலைவாய்:
இருவரும் "ஷரீஅத்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்தினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தராசு:
கொடுங்கோலர் என்று நான் எங்கே எழுதினேன்? ஆண்டுக்கு இரண்டு முறை கலீஃபாவின் பெயரைச் சொல்லலாம், வெள்ளிக்கிழமைதோறும் சொல்லக் கூடாது என்றால், அனுமதியின் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதுதான் என் கேள்வி. அதே பயண நூலில் இப்னு ஸுர்ஆ என்ற ஃபகீஹ் (இஸ்லாமியச் சட்ட அறிஞர்) வருகிறார். அரசனின் அதிகாரிகள் கொடுத்த நெருக்கடியில் மதம் மாறி, இஞ்சீலை (நற்செய்தி நூலை) மனப்பாடம் செய்து, பாதிரிமாரின் சட்டத்தில் கருத்துச் சொல்பவராகி, தம் வீட்டெதிரே இருந்த தம்முடைய பள்ளிவாசலையே தேவாலயமாக மாற்றிவிட்டார். பழைய அறிவு இருந்ததால் இஸ்லாமியச் சட்ட வழக்குகளிலும் அவரிடமே கருத்துக் கேட்டார்களாம்! சிசிலியின் த்ராபானி நகரில் ஒரு பிரமுகர், முன்பின் தெரியாத ஹஜ் பயணி ஒருவரிடம் தம் மகனை அனுப்பி, பருவத்தை எட்டும் தம் மகளை ஏற்று மணந்துகொள்ளவோ தகுந்தவருக்கு மணமுடித்து வைக்கவோ வேண்டும், எப்படியாவது இந்தத் தீவிலிருந்து அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சட்டம் முழுமையாக இருந்த ஊரில் ஒரு தகப்பன் ஏன் அப்படிக் கேட்டார்? வெள்ளிக்கிழமை குத்பா தடைக்கு இன்னும் பதில் வரவில்லை.

வழிப்போக்கன்:
அதே த்ராபானியில் நோன்புப் பெருநாள் அன்று முஸ்லிம்கள் முரசும் கொம்பும் முழங்கத் திடலுக்குப் போனதைக் கண்டு இப்னு ஜுபைர் வியந்ததை ஏன் விட்டீர்கள்? கப்பல் உடைந்தபோது, படகுக்கூலி கொடுக்க முடியாத ஏழை முஸ்லிம்களுக்காக நூறு ருபாயி நாணயம் கொடுக்கச் சொன்னவர் சிசிலியின் இரண்டாம் வில்லியம் அரசர்தான். இதையெல்லாம் விட, வட ஆப்பிரிக்காவின் மஹ்தியா நகரத்து மாலிகி சட்ட அறிஞர் இமாம் அல்-மாஸரியிடம், "சிசிலி காழியின் தீர்ப்புகளை இங்கே ஏற்கலாமா?" என்று கேட்கப்பட்டபோது, காஃபிர் (முஸ்லிம் அல்லாதவர்) நியமித்தார் என்பதால் தீர்ப்பு செல்லாததாகிவிடாது என்று அவர் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். காழி இருந்தார், அவருடைய தீர்ப்பு கடல் கடந்தும் செல்லுபடியானது. தாங்கள் என்ன அல்-மாஸரியை விடப் பெரிய மாலிகியா?

தராசு:
அந்த ஃபத்வாவின் முதல் பாதியையும் படித்திருக்கலாம். அங்கே தங்கியிருப்பதே அந்தக் காழியின் நேர்மையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. நிர்ப்பந்தத்தால் தங்கியிருக்கலாம், நல்லெண்ணம் வைப்போம் என்று அதைக் கடந்த பிறகே, மக்களின் வழக்கைத் தீர்க்க வேண்டிய அவசியம் இருப்பதால் நியமனம் தீர்ப்பைக் கெடுக்காது என்கிறார். தேவைக்காகச் சகித்துக்கொண்டதைச் சான்றிதழாக்கிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறீர்கள். அல்-மாஸரி இறந்தது 1141இல். நாம் பேசுவது 1184ஐப் பற்றி. 43 ஆண்டு வித்தியாசம் தங்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா? அதே மாலிகி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) ஃபேஸ் நகரத்து அறிஞர் அல்-வன்ஷரீஸி 1491இல் என்ன சொன்னார்? ஆண்டலூசியாவின் மார்பெல்லா கிறிஸ்தவர் வசமான பிறகு, அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்காக அதிகாரிகளிடம் பேசுவதற்காகவே ஒருவர் அங்கே தங்க நினைத்தார். அதற்கும் கூடாது என்றுதானே தீர்ப்புச் சொன்னார்?

வழிப்போக்கன்:
43 ஆண்டைக் குற்றமாகச் சொன்ன அதே மூச்சில் அல்-மாஸரியிலிருந்து 350 ஆண்டு தாண்டி ஃபேஸ் நகரத்துக்கே போய்விட்டீர்கள். முன்பு சிசிலி அரசவைப் புவியியலாளர் இத்ரீஸியின் உலகப்படம் பற்றிப் பேசியபோதும் இதே வித்தையைத்தான் காட்டினீர்கள்.

சட்டப்பை:
இடையில் ஒன்று. தமிழ்நாட்டில் "காஜி", இலங்கையில் "காதி". "காழி" என்று எழுதினால் சீர்காழி நினைவுதான் வருகிறது. தமிழ்நாட்டின் தலைமை காஜியையும் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டப்படி அரசுதானே நியமிக்கிறது, அதில் யாருக்கு என்ன குறை?

தராசு:
அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். நியமிக்கப்படும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் அது தரவில்லை. பட்டம் இருப்பது வேறு, அதிகாரம் இருப்பது வேறு என்று இவ்வளவு நேரமாக நான் சொல்வதைத் தாங்களே மெய்ப்பித்துவிட்டீர்கள், நன்றி. ழகரப் பாடத்தை வேறு யாருக்காவது நடத்துங்கள். இத்ரீஸி விவாதத்தில் அந்தப் படம் முடிந்த 1154 என்ற ஆண்டைத் தவறாக எழுதிவிட்டு, சுட்டிக்காட்டிய பிறகு ஓசையில்லாமல் திருத்தியவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

வழிப்போக்கன்:
அது தட்டச்சுப் பிழை. காழி இருந்தார் என்பது தட்டச்சுப் பிழை அல்ல.

தராசு:
இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் எங்கே குத்பா கேட்டார்?

வழிப்போக்கன்:
சட்டத்தைப் பற்றிக் கேட்டால் தொழுகையைப் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். காழி இருந்தார்.

அலைவாய்:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

தராசு:
பிறகு பார்க்கலாம். ஜிஸ்யா (முஸ்லிம் ஆட்சியில் முஸ்லிம் அல்லாதோர் கட்டிய வரி) போலவே ஆண்டுக்கு இரண்டு முறை கிறிஸ்தவ அரசனுக்கு அந்த முஸ்லிம்கள் கட்டிய வரி எந்த முழுமையில் சேரும் என்பதை வழிப்போக்கன் அவர்கள் முதலில் சொல்லட்டும்.