மினசோட்டால பக் ஹில் ஸ்கீ மலை பக்கத்துத் தமிழ் வீடுகள்: ஸ்கீ லீக் பத்தி குரூப்ல நடந்த பேச்சு

ஞாயிறு

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். வர்ற வியாழக்கிழமை ஸ்கூல் பூஸ்டர் கிளப் (ஸ்கூல் டீமுக்கு உதவற பெத்தவங்க குழு) மீட்டிங்ல ஒரு விஷயம் பேசப் போறேன், அதுக்கு முன்னாடி இங்க சொல்லிடலாம்னு. பக்கத்துல இருக்கற நாலு ஹைஸ்கூல் சேந்து, ஸ்கீ ரேஸ் புதுசா ஆரம்பிக்கற பசங்களுக்குன்னு வார நாள் சாயங்காலத்துல ஒரு லீக். செலவு கம்மியா இருக்கணும், யாரையும் கழிச்சு விடக்கூடாது

சரவணன்: கேக்க நல்லாருக்கு கவிதா. ஆனா பாஸ்கெட்பால்னா ஒரு ஷூ வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது. இதுல ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட், மலைக்கு லிஃப்ட் பாஸ்னு எங்க போய் நிக்கும்? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையன் கிளப்ல ஓடறான், வருஷத்துக்கு அவர் சொல்ற தொகையைக் கேட்டா ஊருக்கு குடும்பத்தோட போயிட்டு வந்துடலாம்

மல்லிகா அக்கா: ஏற்கெனவே ஸ்கூல் டீம் இருக்கேம்மா. அதுல சேத்து விட்டா போதாதா

கவிதா: போதாதுக்கா. மினசோட்டால 7-ம் கிளாஸ்ல இருந்தே வார்சிட்டில, அதாவது ஸ்கூலோட முதல் டீம்ல ஓட விடறாங்க. ஆறு வயசுல இருந்து கிளப்ல ஓடற புள்ள 7-ம் கிளாஸ்ல உள்ள வந்துடுது, நம்ம வீட்டுப் புள்ளைக்கு 9-ம் கிளாஸ்லதான் ஆசையே வருது. அது எந்தக் காலத்துல எட்டிப் பிடிக்கும்? ப்ராக்டிஸுக்கு வா, ரேஸ் அன்னிக்கு ஓரமா நில்லுன்னு சொன்னா ஒரே சீசன்ல விட்டுட்டு வந்துடும். எனக்கு இதுதான் பெரிய வருத்தமே, மலை நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கு, ஹைவேல போகும்போதெல்லாம் லைட் தெரியுது, ஆனா அங்க யார் ஓடறாங்கன்னு பாத்தா அதே பத்து இருபது குடும்பம்

பிரபு: அந்த மலையே 300 அடி சொச்சம்தான் உயரம், அதுல என்ன ரேஸுன்னு நெனச்சவன்தான் நானும் இங்க வந்த புதுசுல. லின்ட்சி வான் அங்க கத்துக்கிட்டவங்க, 2010 வான்கூவர் ஒலிம்பிக்ல டவுன்ஹில் (வேகமா இறங்கற ரேஸ்) தங்கம். பவுலா மோல்ட்சன் இங்க பக்கத்துல ப்ரையர் லேக் பொண்ணு, அதே மலைதான், 2025 உலக சாம்பியன்ஷிப்ல ஜெயண்ட் ஸ்லாலோம்ல (கம்புங்களைச் சுத்தி வளைஞ்சு இறங்கற ரேஸ்) வெண்கலம்

பிரபு: சின்ன மலைன்றதுதான் இங்க லாபமே. மேல போறது கீழ வர்றது எல்லாம் சில நிமிஷம், ஒரு சாயங்காலத்துல எத்தன தடவ கேட்டுக்குள்ள (பனில நட்ட கம்புங்களுக்கு நடுவுல) ஓடலாம் பாருங்க. எரிக் சைலர்னு அந்த கோச், 60-கள் கடைசில இருந்து அங்க இருந்தவரு, அவர் வழியே அதான், திரும்பத் திரும்ப ஓட விடறது

நிர்மலா: பிரபு அண்ணா அவங்க எல்லாம் பின்னாடி கிளப், அகாடமின்னு போனவங்கதானே. வெர்மான்ட் பக்கம் ஸ்கீ அகாடமி எல்லாம் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல கேக்கறாங்க. நம்ம பசங்களுக்கு ஒலிம்பிக் கனவு வேணாம், குளிர் காலத்துல ரூமுக்குள்ள போனோட உக்காராம இருந்தா அதுவே எனக்குப் பெருசு

கவிதா: அதேதான் நிம்மி. இப்ப செலவு எங்க ஏறுதுன்னு சொல்றேன். சாதாரணமா ஸ்கீ பண்ண சீசன் முழுக்க ஸ்கீ, பூட்ஸ் லீஸுக்கு இங்க கடைங்கள்ல குடுக்கறாங்க, அது தாங்கற தொகைதான். ரேஸுன்னு வந்ததும் ஸ்லாலோமுக்கு ஒரு ஜோடி, ஜெயண்ட் ஸ்லாலோமுக்கு ஒரு ஜோடி, புதுசு வாங்கினா பைண்டிங்கோட (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கற கிளிப்) ஜோடிக்கு 1,000 டாலரைத் தாண்டும், அப்புறம் ஒடம்போட ஒட்டற ரேஸ் சூட், ஷின் கார்டு, வாக்ஸ் பெட்டி. ஒரு வீட்ல வாங்கினா பக்கத்து வீட்லயும் வாங்கணும், வாங்கலேன்னா புள்ள பின்தங்கிடும்னு பயம். அதனால பேப்பர்லயே ரூல் போட்டுடணும்: ஒரே ஜோடி ஸ்கீ, லீஸ் ஸ்கீ போதும், ரேஸ் சூட் கிடையாது, எல்லாரும் ஜாக்கெட் பேன்ட்லதான் ஓடணும்

சரவணன்: சூட் வேணாம்னு சொன்னா கிளப் பசங்க வீட்ல சண்டைக்கு வருவாங்க

கவிதா: அவங்க வார்சிட்டில போட்டுக்கட்டும் சரவணன், இது புதுசா வர்றவங்களுக்கு. இன்னொன்னு, நம்ம ஸ்கூல்ல சோமாலி பொண்ணுங்க எவ்ளோ பேர் இருக்காங்க. அந்த மாதிரி ஒட்டற சூட்டைப் போட்டுத்தான் ஓடணும்னா ஒருத்தியும் பேர் குடுக்க மாட்டா. ஏன் நம்ம வீட்டுப் பொண்ணுங்களே கூச்சப்படும். ஹிஜாப் மெல்லிசா இருந்தா ஹெல்மெட்டுக்குள்ள அடங்கிடும், அதுல பிரச்சினையே இல்ல

ஆதிரா: ஹாய் ஆன்ட்டி அங்கிள், அம்மா போன்ல இருந்து நிம்மி பொண்ணு ஆதிரா. என் ஃப்ரெண்ட் ஹோதன் போன வருஷமே வரேன்னு சொன்னா, யூனிஃபார்ம் போட்டோ பாத்துட்டு வேணாம்னுட்டா. சூட் இல்லேன்னா கண்டிப்பா வருவா

மல்லிகா அக்கா: ஆதிரா கண்ணு நீ ஓடுவியா?

ஆதிரா: ஓடுவேன் பெரியம்மா ஆனா எல்லாரும் முடிச்சப்புறம் கடைசில தனியா வர்றது பிடிக்கல 😔

கவிதா: அதுக்கும் யோசிச்சிருக்கேன்டா. சைக்கிள்காரங்களைப் பாருங்க, கலிஃபோர்னியால 2001-ல ஹைஸ்கூல் மவுன்டன் பைக் லீக் ஆரம்பிச்சாங்க, 2009-ல அது நைகான்னு தேசிய அளவுல ஆச்சு, இங்க மினசோட்டாலயும் நடக்குது. அவங்க கொள்கையே யாரும் பெஞ்சுல உக்கார வேணாம், வந்தவங்க எல்லாரும் ஓடணும். கிளாஸையும் திறமையையும் பாத்து தனித்தனி பிரிவுல ஓடறாங்க. முதல் வருஷக்காரங்க அவங்களுக்குள்ளயே தனி வரிசைல ஓடற மாதிரி, அது நமக்கும் வேணும்

பிரபு: கோர்ஸ் விஷயத்துல ஒண்ணு சொல்லிக்கறேன். வார்சிட்டி ரேஸ் முடிஞ்சதும் கேட்டும் டைமிங் மெஷினும் அங்கயே இருக்கும், அதையே கேட்டு வாங்கினா நமக்கு டைமிங் செலவு மிச்சம். ஆனா அம்பது அறுபது பேர் ஓடினப்புறம் கேட்டைச் சுத்தி பள்ளம் விழுந்துடும், அதுல புதுசா வர்ற புள்ளைய விட்டா விழுந்து எழுந்திருக்கவே நேரம் சரியாப் போயிடும். அதனால ரெண்டு வாலன்டியர் மேல இருந்து பக்கவாட்டுல சறுக்கிகிட்டே வந்து பனியைச் சமப்படுத்தணும், ஸ்டார்ட்டை பாதி மலைக்கு இறக்கணும், உயரமான போலுக்குப் பதிலா குட்டை கேட் நடணும். குட்டை கேட்னா அடிபடற பயம் இல்ல, லைன் புடிக்கறது, அதாவது எந்தப் பாதைல வளைஞ்சு வர்றதுன்றது மட்டும் கத்துக்கலாம்

சரவணன்: பாயின்ட் எப்டி குடுப்பீங்க? எல்லாருக்கும் மெடல்னா அது ரேஸ் இல்லையே

கவிதா: டைம் டைம்தான், அதுல யாருக்கும் சலுகை இல்ல. ஆளாளுக்கு ரெண்டு ரன், ரெண்டையும் கூட்டி யாரு கம்மியோ அவங்க முதல். டீம் பாயின்ட்ல மட்டும் ரெண்டு பொண்ணு, ரெண்டு பையன், ஒரு முதல் வருஷக்காரர் டைம் சேரணும்னு வைக்கலாம். அப்பதான் எந்த கோச்சும் புதுசா வர்ற புள்ளைய ஓரங்கட்ட மாட்டார், அந்தப் புள்ள ஓடி முடிச்சாத்தான் டீமுக்கு பாயின்ட்

சரவணன்: இதுல எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல. பயந்துகிட்டு வர்ற புள்ள மேல டீமோட பாயின்டை ஏத்தினா அதுவே பாரமாயிடும். ரெண்டு முதல் வருஷக்காரங்க ஓடி, அதுல நல்ல டைம் எடுத்துக்கறதா இருக்கட்டும்

கவிதா: இது சரி. மாத்தி எழுதிடறேன் 👍

திங்கள்

மல்லிகா அக்கா: நேத்து ராத்திரி படிச்சுட்டு தூக்கமே வரல. அடிபட்டா என்னம்மா பண்றது? முட்டி போச்சுன்னா ஆறு மாசம் படுக்கை

நிர்மலா: அக்கா பயம் நியாயம்தான். பைண்டிங்கை வெயிட்டுக்கும் பூட்ஸ் நீளத்துக்கும் ஏத்த மாதிரி கடைல மெஷின்ல வச்சு டெஸ்ட் பண்ணி வாங்கணும், விழும்போது அது கழண்டாத்தான் முட்டிக்கு பாதுகாப்பு. யாரோ குடுத்த ஸ்கீய அப்படியே போட்டுகிட்டு போறதுதான் ஆபத்து. இதை நம்ம லீக்ல கட்டாயம்னு வைக்கணும் கவிதா, நான் க்ளினிக்ல வேலை பாக்கறதால இதுல விட்டுக் குடுக்க மாட்டேன்

பிரபு: ஹெல்மெட்டும். பூட்ஸ், ஸ்கீ பழசு வாங்கலாம், ஹெல்மெட் மட்டும் பழசு வேணவே வேணாம், உள்ள அடி வாங்கியிருந்தா வெளில தெரியாது. லீக் காசுல முதல் செலவு புது ஹெல்மெட்டா இருக்கட்டும்

கவிதா: ரெண்டையும் சேத்துட்டேன். இப்ப எல்லாரும் கவனிக்க வேண்டியது ஒண்ணு. 2023 படிக்கற வருஷத்துல இருந்து மினசோட்டால எல்லாப் புள்ளைங்களுக்கும் ஸ்கூல் சாப்பாடு இலவசம் ஆச்சு, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுக்கப்புறம், முன்னாடி இலவச சாப்பாட்டுக்காக நிரப்பின வருமான ஃபாரத்தை நெறைய பேர் நிரப்பறது இல்ல, சாப்பாடுதான் கிடைக்குதேன்னு விட்டுடறாங்க. ஆக்டிவிட்டி ஃபீ (டீம்ல சேர ஸ்கூலுக்குக் கட்டற காசு) தள்ளுபடி பல ஸ்கூல்ல அந்த ஃபாரத்தை வச்சுத்தான். ஃபாரம் இல்லேன்னா தகுதி இருந்தும் முழு ஃபீ கட்டணும், இல்லேன்னா புள்ள சேராமயே போயிடும். அதனால பேர் குடுக்கற எல்லார் கைலயும் அந்த ஃபாரத்தைக் குடுக்கணும், எல்லார் கைலயும்னா எல்லாரும், வசதி இருக்கறவங்க இல்லாதவங்கன்னு பிரிக்காம. யாரு தள்ளுபடில வர்றாங்கன்னு கோச்சுக்குக் கூட தெரிய வேணாம்

மல்லிகா அக்கா: இது மட்டும் நடந்தாலே பெரிய புண்ணியம். அந்தப் புள்ளைங்க கூனிக் குறுகி நிக்கக் கூடாது

சரவணன்: பஸ்? வேலைக்குப் போறவங்க நாலு மணிக்கு எப்படிக் கொண்டு விடறது. ஆறு மணிக்கு மேல கூட்டிட்டு வர நான் ரெடி, ஆனா போக பஸ் இல்லேன்னா என் பொண்ணு வர முடியாது

கவிதா: வார்சிட்டி பஸ்ல காலி சீட் இருக்கு, அதே மலைக்குத்தான் போகுது. அதை வியாழக்கிழமை நேரடியாவே கேக்கப் போறேன். சின்ன ஸ்கூலுக்கு தனி டீம் கட்டாதுன்னா ரெண்டு ஸ்கூல் சேந்து கோ-ஆப்னு ஒரே டீமா பதிஞ்சுக்க ஸ்டேட் லீக்லயே வழி இருக்கு, நாமளும் அதே மாதிரி பண்ணலாம்

நிர்மலா: பனி இல்லேன்னா? 2023-24 குளிர் காலம் ஞாபகம் இருக்கா, ஜனவரில புல்லு தெரிஞ்சுது

பிரபு: மலைக்காரங்க மெஷின் பனி போட்டாத்தான் ரேஸ், அதுக்கும் ராத்திரி குளிர் வேணும். அதனால பாஸ் காசை முழுசா முன்னாடி கட்டாம, நடந்த ரேஸுக்கு மட்டும்னு மலைக்காரங்ககிட்ட பேசிப் பாக்கணும். ஒத்துக்கலேன்னா ரேஸை ஜனவரி, பிப்ரவரில வச்சுட்டு டிசம்பர் முழுக்க ப்ராக்டிஸ்

கவிதா: வியாழன் 7 மணி, லைப்ரரி ரூம். யார் யார் வரீங்க? பேசவே வேணாம், வந்து உக்காந்தா போதும், ஆள் எண்ணிக்கையைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க

மல்லிகா அக்கா: நானும் மாமாவும் வரோம்

சரவணன்: வரேன். முதல் வருஷக்காரர் ரூலை மட்டும் நான் பேசறேன்

ஆதிரா: கவிதா ஆன்ட்டி, ஹோதன் அம்மாவுக்கு இங்லீஷ் கஷ்டம். அந்த ஃபாரம் சோமாலில இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வரேன்

கவிதா: வாங்கிட்டு வாடா. ஸ்பானிஷ்லயும் கேளு, நாலு ஸ்கூலுக்கும் வேணும்

பிரபு: ஸ்கீ ஸ்வாப் (பழைய ஸ்கீ சாமான் விக்கற சந்தை) தேதி தெரிஞ்சதும் போடறேன், மொத நாள் காலைலயே போனாத்தான் பூட்ஸ் கிடைக்கும். எங்க வீட்ல 24.5 சைஸ் பூட்ஸ் ஒண்ணு சும்மா கெடக்கு, யாருக்காவது?

நிர்மலா: ஆதிராவுக்கு சைஸ் பாக்கணும் அண்ணா, நாளைக்கு சாயங்காலம் வரவா