சூடானதும் பிளக்கில் பொறி வருவது நின்றுபோகிறது: பிக்கப் காயிலா, இக்னிஷன் காயிலா, சி.டி.ஐ.யா?

125 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் பைக். 46,000 கி.மீ. ஓடியது, தினமும் வேலைக்குப் போய்வர 35 கி.மீ. மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகி, 25 நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு நெரிசலில் ஊர்ந்து போகும்போது, திணறல் எதுவும் இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பட்டென்று நின்றுவிடுகிறது. 15 நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஒரே உதை.

பெட்ரோல் பக்கம் கோளாறு இல்லை. நின்றவுடன் கார்புரேட்டரின் ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தாராளமாக வருகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தி ஓட்டியும் அப்படியேதான். எஞ்சின் முழுதாக ஆறியபின் வால்வ் இடைவெளி பார்த்தேன்: இரண்டும் 0.08 மி.மீ., கையேட்டில் உள்ளபடியே. பிளக் புதிது.

நின்ற நேரத்தில் வேறொரு பிளக்கை கேப்பில் மாட்டி, ஹெட்டில் தொடவைத்து உதைத்தால் பொறியே இல்லை. ஆறியபின் அதே பிளக்கில் கெட்டியான நீலப் பொறி! எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டும் மாற்றமில்லை. ஆறிய நிலையில் பிக்கப் காயில் (பொறி விழவேண்டிய நேரத்தைச் சொல்லும் சுருள்) 190 ஓம், இக்னிஷன் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) பிரைமரி, அதாவது முதல் சுற்று, 0.5 ஓம், இரண்டும் சரியான அளவுதான். ஆனால் சூட்டில் உள்சுற்று விட்டுப்போனால் ஆறிய அளவு எதையும் காட்டாதே.

வண்டி வழியில் நிற்கும் அந்த 15 நிமிடத்துக்குள், கையில் ஒரு மல்டிமீட்டர் மட்டும் இருந்தால், பிக்கப் காயில், இக்னிஷன் காயில், சி.டி.ஐ. (பிக்கப் காயிலின் சைகைப்படி இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் விடும் மின்னணுப் பெட்டி) ஆகிய இந்த மூன்றில் எது போயிருக்கிறது என்று எந்த வரிசையில் சோதித்துக் கண்டுபிடிப்பது?